மருந்து ஸ்டோர்

மருந்து என்றுதான் சொல்வோம்.
மருந்து அடிக்கப் போகிறார்கள், மருந்து வந்திருக்கிறது,
மருந்து தீர்ந்துபோச்சு என்று மண்டோர் கத்துகிறான்.
லாலான் புல்லுக்கு என்ன காய்ச்சல் என்று
ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

பதினோரு வருஷமாகச் சாவி என்னிடம்.
ஐந்தே முக்காலுக்குத் தகரக் கதவைத் திறந்தால்
முதலில் வருவது வாடை,
பிறகுதான் வெளிச்சம்.
ஒரு முதுகு டின்னுக்கு எண்பது மில்லி.
கூடினால் கணக்கு இடிக்கும்,
குறைந்தால் புல் நிற்கும்.

வரிசையில் பவளக்கொடி, சித்தி ரொகாயா,
மாசிலாமணியின் மகள்,
சும்பாவாவிலிருந்து வந்த இருவர்.
அவர்கள் பெயர் என் வாயில் நுழையவில்லை,
எண் போட்டிருக்கிறேன்.
கையுறை தையில் கொடுப்போம். சித்திரையில் கிழியும்.
அடுத்த ஜோடி அடுத்த தையில்.

டின்னைத் தூக்கி மாட்டியபடி
பவளக்கொடி ஒரு தடவை சிரித்தாள்:
"முதுகுல ஒண்ணு, வயித்துல ஒண்ணு, கிராணி,
எனக்கு ரெண்டு சம்பளம் போடணும்."
மூன்று வாரத்தில் அவள் பெயர் புத்தகத்தில் இல்லை.
பத்து நாள் கழித்து வந்தாள்.
முதுகில் மட்டும் ஒன்று.
நான் எண்பது மில்லி ஊற்றினேன்.

தவமலர் தோட்டத்தில் இறங்கியதே இல்லை.
அவளுக்கு டவுனில் தையல் கடை,
ஜனவரியில் பள்ளிக்கூடச் சட்டை, மற்ற மாதமெல்லாம் ரவிக்கை.
என் சட்டையை அவள்தான் துவைத்தாள்.
கழுத்துப்பட்டையை முகர்ந்து பார்த்து,
வாடை போகலையே என்று மறுபடி சோப்புப் போட்டு,
வெறுங்கையால்.

முதலாவது, ஒன்பதாம் வாரம்.
இரண்டாவது, ஏழாம் வாரம்.

மிஸி ரொசிதா படம் காட்டினார்.
ஏழாம் வாரத்தில் ஒரு மொச்சைக்கொட்டை.
கை இன்னும் துடுப்புதான், இனிமேல்தான் விரல் பிரியும்.
அந்த இருட்டுக்குள்ளும் ஒரு ஸ்டோர் இருக்கிறதாம்,
சொட்டுக்குள் சொட்டாய் அளந்து
இன்ன நாளில் இன்னது என்று அனுப்புகிறதாம்.
வெளியிலிருந்து ஒன்று சாவியின் சாயலில் வந்தால்
பூட்டு ஏமாந்து திறந்துவிடும் என்றார்.
சாவி என்றதும் என் கை பாக்கெட்டுக்குப் போனது.

எத்தனையோ காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர்.
அவர் சொன்னது பொய்யில்லை.
அதனால்தான் தூக்கம் வரவில்லை.

ஒரு ராத்திரி கிளினிக்கின் பிங்க் புத்தகத்தையும்
ஸ்டோர் புத்தகத்தையும் மேசையில் ஒட்டி வைத்தேன்.
அக்டோபர்: மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று இரட்டை அடிப்பு,
என் கையெழுத்து.
அக்டோபர்: துடிப்பு இல்லை,
மிஸியின் கையெழுத்து.
நான் கிராணி. கூட்டத் தெரியும்.
இது கூட்டல்தானா என்று தெரியவில்லை.

இப்போது மூன்றாவது. பதின்மூன்று வாரம்.
சத்தமாகச் சொல்வதில்லை.
வேலை முடிந்ததும் ஸ்டோர் குழாயடியில்
சட்டையை நானே கசக்குகிறேன்,
பனியனோடு மோட்டார் சைக்கிளில் வீடு.
லயத்துப் பையன்கள் விசிலடிக்கிறார்கள்.

நுரை வாய்க்காலில் இறங்கி
செம்பனைக்குள் வளைந்து
சித்தி ரொகாயா வீட்டுப் பின்பக்கம் போகிறது.
அங்கே ஒரு நீல டிரம்மில் மழைத்தண்ணீர்.
போன வருஷம் நான் கொடுத்த டிரம்.
கழுவித்தான் கொடுத்தேன்.

நேற்றுப் போய்த் திருப்பிக் கேட்டேன். ஏன் என்றாள்.
மருந்து என்பதற்கு மலாய்ச் சொல் எனக்குத் தெரியும்.
அதைச் சொன்னால் அவளுக்குப் புரியாது,
கடையில் விற்கும் இருமல் தண்ணி என்று நினைப்பாள்.
ராச்சுன், என்றேன். விஷம்.

அவள் திடுக்கிடவில்லை.
அவள் மொழியில் முதல் நாளிலிருந்தே
அதற்கு அதுதான் பெயர்.
இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு
டிரம்மை ஒரு காலால் சாய்த்தாள்.
"சரி கிராணி, வேற டிரம் இருக்கா?"